17,800 ரூபாய் சைக்கிளுக்கு 23,250 ரூபாய் செலவழித்த கதை

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் 17,800 ரூபாய் கொடுத்து ஒரு எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் வாங்கினேன். அடுத்த ஒன்றேகால் வருடத்தில் அதன் மேல் 23,250 ரூபாய் போட்டேன். அதில் 8,450 ரூபாய் சுத்தமாகத் தண்டம். மிச்சம் தண்டம் இல்லை என்று சொல்லலாம், ஆனால் என் மனைவியிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வாள். பணம் போனதை விட, ஏற்காடு மலைப்பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூன்று மணி நேரம் இறங்கியதுதான் இன்னும் உறுத்துகிறது. யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். உண்மையில் ஒருத்தர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

கொரோனா முதல் அலை ஓய்ந்த நேரம். வீட்டில் உட்கார்ந்தே 86 கிலோ ஆகியிருந்தேன். சேலத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் சைக்கிள் ஸ்டாக் இல்லை, வந்ததை எடுத்துக்கோங்க என்றார்கள். எடுத்துக்கொண்டேன். அலுமினிய ஃபிரேம், 27.5 இன்ச் சக்கரம், முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 80 மில்லிமீட்டர் அமுங்கி எழும் சஸ்பென்ஷன் ஃபோர்க், கேபிளில் இழுபடும் டிஸ்க் பிரேக், முன்னால் பெடல் பக்கம் 3 பல்சக்கரம், பின் சக்கரத்தில் 7. கடைக்காரர் '21 கியர் சார்' என்று அழுத்திச் சொன்னார். நானும் 21 கியரா என்று வாயைப் பிளந்தேன். இந்த 21, 24, 27 எல்லாம் பெருக்கல் வாய்ப்பாடுதான், அதை வைத்து மலை ஏற முடியாது. மலைக்குப் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: முன்னால் இருப்பதில் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருப்பதில் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல். என்னுடையதில் முன்னால் 24, பின்னால் 28. அதாவது பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 0.86 சுற்று சுற்றும். அந்த எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சுலபமாக ஏறலாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை அடிவாரத்தில் இருந்து தெம்பாகக் கிளம்பி ஐந்தாவது வளைவில் இறங்கிவிட்டேன். நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடும் போல இருந்தது. திரும்பி வந்து எங்கள் ஏரியாவில் இருக்கும் பழைய சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இருந்தாலும் ஊரே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறது. பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, 'பின்னாடி 34 பல்லு இருக்கற பிரீவீலா மாத்திரு கண்ணு. தொள்ளாயிரம் ரூவா ஆகும். செயின் பத்தலன்னா இன்னொரு ஐநூறு' என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். 900 ரூபாயில் முடிகிற விஷயம் என்றதும் எனக்கு அது ஒரு தீர்வு மாதிரியே தெரியவில்லை. ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்து, கனடாக்காரன் காட்டுக்குள் பாறை மேல் குதிப்பதைக் கண்கொட்டாமல் ரசித்தவனுக்கு 900 ரூபாய் பிரீவீல் எப்படிக் கண்ணில் படும்?

அதனால் முதலில் வாங்கியது ஃபோர்க். ஏறுவதற்கும் ஃபோர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் அப்போது தெரியாது. என் சைக்கிளில் இருந்தது ஸ்பிரிங் வைத்தது, வெயிட்டு. காற்றில் வேலை செய்யும் 120 மில்லிமீட்டர் ஃபோர்க் ஒன்று ஆஃபரில் 9,400 ரூபாய்க்கு வந்தது. ஜூலை மாதம் பெட்டி வந்த அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டேன். பழைய ஃபோர்க்கைக் கழற்றி, புதியதைக் கீழிருந்து உள்ளே விட்டால் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. கையால் தள்ளிப் பார்த்தேன், சுழற்றிப் பார்த்தேன், கிரீஸ் கூடத் தடவிப் பார்த்தேன். கடைசியில் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்கே போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பழைய கேலிப்பரை எடுத்து என் ஃபிரேமில் ஃபோர்க் தண்டு நுழையும் தலைக்குழாயின் கீழ் வாயை உள்ளுக்குள் அளந்தார். 34 மில்லிமீட்டர். புது ஃபோர்க்கின் அடித்தண்டை அளந்தார். 40. 'எப்படி நுழையும்?' என்றார்.

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும், வாழ்க்கைக்கும் மறக்காது. ஃபோர்க்கின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு இரண்டு விதம். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக 28.6 மில்லிமீட்டரில் இருப்பது நேர்தண்டு. மேலே 28.6-ல் ஆரம்பித்து அடியில் ஏறக்குறைய 40 ஆகப் பருத்துப் போவது டேப்பர்டு. இன்றைக்குக் கிடைக்கும் நல்ல ஃபோர்க்கில் பெரும்பாலானவை டேப்பர்டுதான். விலை குறைந்த சைக்கிள்களில் பலவற்றுக்குத் தலைக்குழாயின் உள்வாய் 34, அதில் நேர்தண்டு மட்டும்தான் போகும். 44 மில்லிமீட்டர் வாய் இருந்தால் கீழ்ப்பக்கம் வெளிக்கிண்ணம் வைத்த ஹெட்செட், அதாவது தண்டைத் தாங்கும் பேரிங் தொகுதி, போட்டு டேப்பர்டையும் ஏற்றிவிடலாம். 34 என்றால் எந்த மந்திரமும் இல்லை. தண்டு சரியாக இருந்தாலும் அத்தோடு முடியாது. உங்கள் முன் சக்கரம் 9 மில்லிமீட்டர் க்விக் ரிலீஸா (நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சு), 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சிலா (ஊடுருவிப் போகும் தடித்த அச்சு) என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஃபோர்க்கோடு சேர்த்து முன் சக்கரமும் வாங்க வேண்டி வரும். சக்கர அளவு, டிஸ்க் பிரேக் பொருத்தும் இடம், இதெல்லாம் பொருந்த வேண்டும். அப்புறம் சஸ்பென்ஷன் நீளம். 80 இருந்த இடத்தில் 120 போட்டால் சைக்கிளின் மூக்கு மேலே தூக்கிவிடும், ஏறக்குறைய 20 மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி தலைக்குழாய் பின்னால் சாயும். இறக்கத்துக்கு அது சுகம், ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டு ஊசலாடும். ஏற்காடு ஏற முடியவில்லை என்பதற்காக ஏறுவதை இன்னும் கடினமாக்கும் ஒன்றை வாங்கியிருக்கிறேன். என் அறிவை என்ன சொல்ல.

விற்றவர்கள் பெட்டி பிரித்தாயிற்று, கிரீஸ் கறை வேறு இருக்கிறது, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பெங்களூரில் ஒருவர் 6,000-க்கு எடுத்துக்கொண்டார், கூரியர் 450 என் தலையில். தண்டை வெட்டாமல் வைத்திருந்ததால்தான் அந்த ஆறாயிரமும் வந்தது. எல்லாம் பொருந்துகிறது என்று ஒரு தடவை கோர்த்துப் பார்க்கும் வரைக்கும் ஃபோர்க் தண்டில் ரம்பத்தை வைக்கவே வைக்காதீர்கள், வெட்டிய ஃபோர்க்கைப் பாதி விலைக்குக்கூட ஆள் சீந்த மாட்டார்கள். கேலிப்பர் ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை முதலில் வாங்குங்கள்.

இந்த அடிக்குப் பிறகு புத்தி வந்து பின்பக்கம் திரும்பினேன். வந்த புத்தி பாதிதான். 900 ரூபாய் பிரீவீலை விட்டுவிட்டு 9 ஸ்பீடு கேசட் ஒன்று, அதாவது சின்னது 11 பல்லில் இருந்து பெரியது 36 பல் வரை ஒன்பது பல்சக்கரங்கள், 1,950 ரூபாய்க்கு வாங்கினேன். கழற்றும் டூல் 450. டூல் உள்ளே உட்காரவே இல்லை. அன்றைக்குத்தான் பிரீவீல் வேறு, கேசட் வேறு என்று தெரிந்தது. வெளியே பார்க்க இரண்டும் அடுக்கி வைத்த பல்சக்கரங்கள்தான். ஆனால் பிரீவீலில், பெடலை நிறுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் போடும் அந்த உள்வேலை எல்லாம் பல்சக்கரங்களோடு ஒரே கட்டியாக இருக்கும், அப்படியே ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், மரையில் திருகிக்கொள்ளும். கேசட்டில் அந்த உள்வேலை ஹப்போடு போய்விடும், வெறும் பல்சக்கரங்கள் மட்டும் அதன் மேல் செருகி நிற்கும். வாங்குவதற்கு முன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் நுழைகிற பள்ளம் இருக்கும் அல்லவா, அது பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல் சுற்றும்போது பள்ளம் மட்டும் அசையாமல் நின்றால் பிரீவீல். 7 ஸ்பீடு விலை குறைந்த சைக்கிள் என்றால் பெரும்பாலும் பிரீவீலாகத்தான் இருக்கும்.

ஆக, கேசட் போட ஹப் மாற்ற வேண்டும், ஹப் மாற்ற சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும். இதற்கு நான் வருத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரீவீல் ஹப்பில் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், ஆக்சிலின் வலது முனை தாங்க ஆள் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 86 கிலோ ஆள் ஏறி வேகத்தடையில் குதித்தால் ஆக்சில் வளையும். என்னுடையதைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தபோது நன்றாகவே வளைந்திருந்தது. பழைய ரிம்மில் 36 துளை, அதனால் ஹப்பும் 36 துளையாகத் தேடி வாங்கினேன், இந்தத் துளைக்கணக்கைப் பார்க்காமல் 32 துளை ஹப் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஹப், புதுச் சக்கரக் கம்பிகள், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். அண்ணன் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து கோர்த்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக் காது கொடுப்பார். சத்தம் தடித்தால் நிப்பிளில் அரைச் சுற்று, மெலிந்தால் விட்டுவிட்டு அடுத்தது. மீட்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு வருடம் கழித்தும் அந்தச் சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டி வரவில்லை, நானாகக் கெடுத்துக்கொண்ட ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவைக்கு வருகிறேன். 9 ஸ்பீடு கேசட்டுக்கு 9 ஸ்பீடு ஷிஃப்டர், அதாவது கைப்பிடியில் கியர் மாற்றும் விசை, 1,300-க்கு வாங்கினேன், செயின் 1,200. அடுத்தது டீரெயிலர், அதாவது பின் சக்கரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு செயினை இங்கும் அங்கும் தள்ளுமே அது. 9 ஸ்பீடு டீரெயிலர் 1,700. அதே கம்பெனியின் 10 ஸ்பீடு, ஒரு படி உசத்தியானது, ஆஃபரில் 2,600. பின்னாடி 10 ஸ்பீடு மாற்றினால் உதவுமே என்று அதை எடுத்தேன். 'பின்னாடி உதவும்' என்று மனசு சொல்லும்போதே பர்சை மூடிவிட வேண்டும். ஷிமானோ கம்பெனியில் 7, 8, 9 ஸ்பீடு எம்டிபி டீரெயிலர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். கேபிள் ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் டீரெயிலர் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நகரும். 10 ஸ்பீடு எம்டிபியில் அதை 1.2 ஆக மாற்றிவிட்டார்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே திருகு, ஆனால் 9 ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக் இழுத்தால் இது அடுத்த பல்லுக்குப் போய்ச் சேராது, பாதியில் நிற்கும்.

எனக்கு இது தெரியாது. பெரிய பல்லுக்குச் செயின் ஏறவில்லை என்றதும் நானாகவே சரி பண்ண உட்கார்ந்தேன். டீரெயிலரில் எல் என்றும் ஹெச் என்றும் பொறித்த இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். எல் திருகு, டீரெயிலர் கம்பிகளுக்குள் போய்விடாமல் தடுக்கும் வேலி. நான் அந்த வேலியைத் தளர்த்தினேன். அப்போதும் ஏறவில்லை, ஏறாது, ஏனென்றால் குறை இழுவையில் இருக்கிறது, வேலியில் இல்லை. அடுத்து கேபிளை இறுக்கினேன். இப்போது 36 பல்லில் ஏறிவிட்டது. சின்னப் பல்களுக்கு இறங்க மாட்டேன் என்றது, பரவாயில்லை மலைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். வேலியைத் திரும்ப இறுக்க மறந்தேன்.

2022 பிப்ரவரி, ஞாயிறு, காலை ஐந்தரைக்குத் தனியாகக் கிளம்பினேன். ஐந்தாவது வளைவு, எட்டாவது வளைவு, பத்து, சிரித்துக்கொண்டே ஏறினேன், உண்மையாகவே சிரித்தேன். பதின்மூன்றாவது வளைவில் இன்னும் லேசான கியர் இருக்கிறதா பார்ப்போம் என்று கட்டைவிரலால் இன்னொரு தடவை அழுத்தினேன். பின்னால் எவர்சில்வர் பாத்திரக்கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம், சைக்கிள் அதே இடத்தில் நின்றது, நான் பக்கவாட்டில் சாய்ந்து தார் ரோட்டில் கையை ஊன்றினேன். திரும்பிப் பார்த்தால் டீரெயிலர் கம்பிகளுக்கு நடுவில் போய்ச் சுருண்டு மேலே ஏறி நிற்கிறது. மூன்று கம்பி அறுந்துவிட்டது. ஃபிரேமோடு அதைப் பிடித்திருந்த ஹேங்கர் இரண்டாக முறிந்துவிட்டது.

பையில் இருந்தது ஒரு 5 மில்லிமீட்டர் அலன் கீ, ஒரு வாழைப்பழம், அரை பாட்டில் தண்ணீர். வாழைப்பழத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டது. செயின் கழற்றும் டூல் இல்லாததால் செயினிலேயே தொங்கிக்கொண்டிருந்த டீரெயிலரைக் கழற்றவும் முடியவில்லை. கைக்குட்டையால் ஃபிரேமோடு கட்டி, ஆடுகிற சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். மேலே போகிற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தின, நான் ஏதோ பயிற்சி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பஸ்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு இடமில்லை என்று கையை விரித்தார். வீட்டுக்குப் போன் போட்டால் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பதைக் கேட்க வேண்டும் என்பதால் போடவில்லை. வலியோ பயமோ இல்லை, வெறும் அவமானம், முப்பத்தெட்டு வயதில் ஒரு சைக்கிளுக்காகத் தொண்டை அடைக்கிறதே என்று அதற்கு வேறு ஒரு அவமானம். மூன்று மணி நேரம் கழித்து, அடிவாரம் நெருங்கும்போது காய்கறி இறக்கிவிட்டு வந்த ஒரு டாடா ஏஸ் அண்ணன் நிறுத்தினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வழியெல்லாம் அந்தச் சைக்கிளின் விலையைக் கேட்டு 'அதுல ஒரு பழைய எக்ஸெல் வந்துருமே சார்' என்றார். வந்துவிடும்தான்.

அன்றைக்குப் பையில் செயின் டூலும் செயினை இணைக்கும் ஒரு ஜோடி மாஸ்டர் லிங்க்கும் இருந்திருந்தால், டீரெயிலரை உருவிப் பையில் போட்டு, செயினைக் குறைத்து ஒரு நடுப்பல்லில் மாட்டியிருக்கலாம். அடிவாரத்தில் இருந்து வீடு வரைக்குமாவது ஒற்றைக் கியரில் மெதுவாக மிதித்திருக்கலாம். இந்த இரண்டும் சேர்த்து 500 ரூபாய்க்குள் வரும், 9 ஸ்பீடு செயினுக்கு 9 ஸ்பீடு லிங்க் என்று பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, மலைக்குக் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி ஒரே ஒரு சோதனை. பின் சக்கரத்தைத் தூக்கி, பெரிய பல்லில் செயினைப் போட்டு, பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டீரெயிலரின் கூண்டுக்கும் கம்பிகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு டீரெயிலரைக் கையால் உள்பக்கம் தள்ளுங்கள், கம்பியைத் தொடும் முன் வேலி தடுத்து நிறுத்த வேண்டும். தடுக்கவில்லை என்றால் எல் திருகை இறுக்குங்கள். சைக்கிள் வலது பக்கமாகக் கீழே விழுந்து எழுந்தாலும் இதைப் பார்ப்பது நல்லது, ஹேங்கர் லேசாக வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஹேங்கர் என்பது உள்ளங்கையில் பாதி அளவு ஒரு அலுமினியத் துண்டு. ஃபிரேம் உடையாமல் இருக்கத் தான் உடைவதுதான் அதன் வேலை, அதைச் செவ்வனே செய்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உடைந்த துண்டுகளை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, துளை எத்தனை, துளைக்குத் துளை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி எட்டு இடத்துக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் ஆயிற்று. விலை 450, கூரியர் 100. ஐந்து வாரம் சைக்கிள் ஹாலில் தலைகீழாகக் கிடந்தது. சைக்கிள் வாங்கும் அன்றைக்கே அதே கடையில் ஒரு ஹேங்கர் உபரியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பி மூன்றும் கோட்டம் எடுத்ததும் 400. சரியான 9 ஸ்பீடு டீரெயிலர், ஷிமானோ ஆல்டஸ், அதே 1,700. போட்ட அன்றைக்கே அத்தனை கியரும் சொன்ன பேச்சு கேட்டன.

வாங்கியதில் வருத்தமே படாத ஒன்று பிரேக். ஏற்காடு இறக்கத்தில் கேபிள் டிஸ்க்கை ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துப் பிடிக்க வேண்டும், கீழே வரும்போது விரல்கள் மடங்காது. கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் செட் இரண்டு பக்கமும் சேர்த்து 4,800. ஒரு விரல் போதும். மலையில் இறங்குகிறவர்கள் ஃபோர்க்குக்கு முன், கியருக்கு முன்கூட இதைச் செய்யலாம். இதிலும் நான் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வாரம் டிஸ்க் கீச்சென்று கத்தியது, வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை டிஸ்க்கில் அடித்தேன். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் எண்ணெய் ஊறினால் அவ்வளவுதான், 700 ரூபாய்க்குப் புது ஜோடி. செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். உங்கள் டிஸ்க்கை உற்றுப் பாருங்கள், ரெசின் பேடு மட்டும் என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தால் மெட்டல் பேடு போடாதீர்கள், டிஸ்க் தேய்ந்துவிடும். பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டி வந்தால் ஷிமானோவுக்கு மினரல் ஆயில். பைக் மெக்கானிக் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும்.

காசே செலவில்லாமல் கிடைத்த மாற்றம் டயர் காற்று. பஞ்சர் கடைப் பையன்கள் டயரைக் கல்லு மாதிரி ஆக்கித்தான் விடுவார்கள், நானும் அதுதான் சரி என்று 60 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு கஞ்சமலை அடிவார மண்பாதையில் முதுகெலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன். என் டயரின் பக்கவாட்டில் 30 முதல் 65 வரை என்று இருந்தது. முன்னால் 32, பின்னால் 36 என்று இறக்கினேன். காற்று ஃபோர்க் கொடுக்கும் என்று நான் கனவு கண்ட சுகத்தில் பாதி அங்கேயே இருந்தது. நம் ஊர் மண்பாதைக்கு இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். கார் வால்வு மாதிரி தடித்த வால்வு உள்ள டியூப் என்றால் அதன் உள்ளூசியைக் கழற்றி பஞ்சர் தடுக்கும் திரவத்தை ஊற்றிவிடலாம், முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் பெரும்பாலும் அடைத்துவிடும். டயர் மாற்றுவதாக இருந்தால் இன்ச் கணக்கை நம்பாமல் பக்கவாட்டில் 57-584 என்பது போல இருக்கும் எண்ணைப் பாருங்கள், பின்பாதி எண் கட்டாயம் பொருந்த வேண்டும்.

ஜெல் சீட் கவர் 350 ரூபாய், ஒரே மாதத்தில் குப்பை. சீட்டின் உயரம் தப்பாக இருந்ததுதான் வலிக்குக் காரணம்.

ஆக 17,800-ம் 23,250-ம் சேர்த்து 41,050. அந்தக் காசுக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் கேசட் ஹப்பும் கம்பெனியிலேயே போட்டு வந்த சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கலாம், ஃபோர்க்கும் இதைவிட நன்றாக இருந்திருக்கும். என் கையில் இருப்பதோ இன்னும் அதே ஸ்பிரிங் ஃபோர்க், அதே 34 மில்லிமீட்டர் தலைக்குழாய். ஒரு பாகத்தை மாற்ற இன்னும் இரண்டு பாகம் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த இடத்தில் நின்று கூட்டல் போடுங்கள். சைக்கிள் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் பழையதை விற்றுவிட்டு மேலே போவதுதான் லாபம். நான் கூட்டல் போட்டது எல்லாம் முடிந்த பிறகு.

போன மாதம் ஆபீசில் ஒரு தம்பி என்னுடையது மாதிரியே 21 கியர் சைக்கிள் வாங்கி, ஆறாவது வளைவில் இறங்கிவிட்டு என்னிடம் வந்தான். பேசாமல் அண்ணன் கடைக்குக் கூட்டிப் போனேன். 14-34 பிரீவீல், புதுச் செயின், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தாரா இல்லையா என்று சொல்ல மாட்டேன். என் சைக்கிளில் இப்போது மிக லேசான கியர் 24-க்கு 36, அவனுடையதில் 24-க்கு 34. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம், அவன் எனக்கு இருபது நிமிடம் முன்னால் ஏரிக்கரையில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயது பத்து குறைவு, எடை இருபது குறைவு, அதையும் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு காற்று ஃபோர்க்கின் லிங்க் அனுப்பி, 'அண்ணா, ஆஃபர் இன்னைக்கு ராத்திரி முடியுது, போட்டுடவா?' என்று கேட்டிருந்தான். தலைக்குழாயை அளந்து ஸ்கேலோடு போட்டோ அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.